21 நாள் காத்திருந்தேன், ஃபைல் 0 பைட்

போன எபிசோடுல சென்சார் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த டேட்டாவை பென் டிரைவ்ல சேமிக்க முடியுமா?" முடியும். ஆனா அதுல நான் ஒரு தடவை நல்லா அடி வாங்கியிருக்கேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

எங்க சித்தப்பா நாமக்கல் பக்கத்துல நாட்டுக்கோழி வளர்க்கிறார். சின்னதா ஒரு இன்குபேட்டர் வெச்சிருக்கார். கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும், ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் சூடு சீரா இருக்கணும். அவருக்கு ரெண்டு தடவை பாதி முட்டைகூட பொரிக்கல. "பகல்ல பார்த்தா சரியாத்தான்ப்பா காட்டுது. ராத்திரி என்ன ஆகுதுன்னுதான் தெரியல"ன்னார். நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைப் பதிவு பண்ற கருவி செஞ்சு தர்றேன்னு ஒத்துக்கிட்டேன்.

எஸ்டி கார்டு போட்டிருந்தா வேலை சுலபம். ஆனா சித்தப்பாவுக்குப் பழக்கமானது பென் டிரைவ். கார்ல பாட்டு கேட்கிறதே அதுலதான். கழட்டி ஜெராக்ஸ் கடையில கொடுத்தா, ஃபைலை எனக்கு அனுப்பிடுவாங்க.

முதல்ல கையில இருந்த ஆர்டுயினோ உனோவை எடுத்தேன். அதுலதான் யூஎஸ்பி இருக்கே, பென் டிரைவை நேரா மாட்டிடலாம்னு நினைச்சேன். நடக்காது. யூஎஸ்பியில ரெண்டு பக்கமும் சமம் கிடையாது. ஒரு பக்கம் ஹோஸ்ட், இன்னொரு பக்கம் டிவைஸ். ஹோஸ்ட் கேட்டாத்தான் டிவைஸ் பதில் சொல்லும். கம்ப்யூட்டர்ல மாட்டும்போது உனோவும் டிவைஸ்தான், பென் டிரைவும் டிவைஸ்தான். ரெண்டையும் சேர்த்தா, ரெண்டு விருந்தாளி வாசல்ல நின்னு வீட்டுக்காரர் வருவார்னு காத்திருக்கிற மாதிரி ஆயிடும்.

அப்போ ஹோஸ்ட் வேலை பார்க்க ஒருத்தர் வேணும். உனோவையே வெச்சுக்கணும்னா சிஎச்376 மாட்யூல் இருக்கு. ஃபேட் ஃபைல் சிஸ்டத்தை அந்த சிப்பே பார்த்துக்கும், நீங்க சீரியல்ல கட்டளை அனுப்பினா போதும். நான் எடுத்தது ஈஎஸ்பி32-எஸ்3. அதுக்குள்ளேயே ஹோஸ்டா மாறக்கூடிய யூஎஸ்பி இருக்கு. டி மைனஸ் ஜிபிஐஓ 19-ல, டி பிளஸ் 20-ல. பழைய ஈஎஸ்பி32-ல இந்த வசதி கிடையாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்க.

இன்னும் ரெண்டு விஷயம். பென் டிரைவுக்கு 5 வோல்ட் நீங்கதான் கொடுக்கணும். போர்டுல இருக்கிற 3.3 வோல்ட் பின்ல மாட்டாதீங்க. 500 மில்லிஆம்ப் வரைக்கும் தாங்குற சப்ளை வெச்சா நிம்மதி. அடுத்து, பென் டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மேட் ஆகியிருக்கணும். 64 ஜிபி டிரைவ் பலதும் எக்ஸ்ஃபேட்ல வரும், நம்ம கோடு அதைப் படிக்காது. 32 ஜிபியோ அதுக்குக் குறைவாவோ வாங்குங்க.

எல்லாம் ஓடுச்சு. நிமிஷத்துக்கு ஒரு வரின்னா 21 நாளைக்கு 30,240 வரி. கடைசி நாள் சித்தப்பா பென் டிரைவை உருவி, கடையில கொடுத்தார். எனக்கு வந்த ஃபைல் 0 பைட். அந்தத் தடவையும் பாதி முட்டை போச்சு. "ஏன்ப்பா, அது எழுதவே இல்லையா?"ன்னு கேட்டார். எனக்கு வாய் வரல.

எழுதத்தான் செஞ்சது. தப்பு என் கோடுல. ஃபைலை முதல் நாள் திறந்தவன் மூடவே இல்ல. டேட்டா டிரைவுக்குள்ள போயிட்டே இருக்கும். ஆனா ஃபைலோட அளவு எவ்வளவுங்கிறது, மூடும்போதோ சிங்க் பண்ணும்போதோதான் பதிவாகும். மூட்டையெல்லாம் குடோன்ல இறங்கிடுச்சு, கணக்கு நோட்டுல மட்டும் ஏறல. நோட்டைப் பார்க்கிறவனுக்கு குடோன் காலிதான்.

திருத்தினது ரெண்டே இடம். பத்து வரிக்கு ஒரு தடவை எஃப்ஃபிளஷ், எஃப்சிங்க் ரெண்டும் கூப்பிட்டேன். கரண்ட் போனாலும் பத்து நிமிஷத்துக்கு மேல இழப்பு இருக்காது. அப்புறம் ஒரு பட்டன் வெச்சேன். அழுத்தினா ஃபைலை மூடி, டிரைவை அன்மவுண்ட் பண்ணி, பச்சை விளக்கை அணைக்கும். "விளக்கு அணைஞ்சாத்தான் உருவணும் சித்தப்பா"ன்னு பெட்டி மேலேயே எழுதி ஒட்டினேன்.

அடுத்த முறை முழு ஃபைலும் வந்துச்சு. பல நாள் விடியற்காலை மூணு மணிக்கு மேல சூடு 36-க்குக் கீழ இறங்கியிருந்தது. பார்த்தா, இன்குபேட்டர் இருந்த இடத்துக்கு நேரா ஒரு ஜன்னல், ராத்திரி பூரா திறந்தே கிடந்திருக்கு. சித்தப்பா பெட்டியை உள் ரூமுக்கு மாத்திட்டார். அதுக்கப்புறம் வெச்ச முட்டையில பெரும்பாலானது பொரிச்சிருச்சு.

நீங்க செய்யும்போது 21 நாள் காத்திருக்காதீங்க. முதல் பத்து நிமிஷம் தாண்டினதுமே வேணும்னே கரண்டைப் பிடுங்கி, ஃபைலைத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.