உரமும் உப்பும்

பயிர் வாடினால் உரம் போதவில்லை என்று கருதுவது நம் உழவரிடையே பழகிப்போன எண்ணம். எங்கள் வேலம்பாளையத்தை அடுத்த நொய்யல் வட்டாரத்தில் அவ்வெண்ணம் பணத்தையும் கெடுக்கும், நிலத்தையும் கெடுக்கும். அதன் காரணத்தை இன்று சற்றே ஆராய்வோம்.

பயிருக்கு இன்றியமையாத சத்துக்கள் 17. அவற்றுள் மூன்றைக் காற்றும் நீரும் தருகின்றன. எஞ்சிய 14 சத்துக்களையும் வேர்கள் மண்ணிலிருந்தே பெறுகின்றன. இவற்றுள் தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேருக்கும் விதைக்கும் உதவும். சாம்பல் சத்து நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிமையைத் தரும். ஒன்று குறைந்தால் மற்றொன்றை மிகுதியாக இட்டு ஈடுசெய்தல் இயலாது. கணக்கில் தவறிய மாணவன் தமிழில் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டித் தேற முடியுமா?

கோவை வேளாண்மைக் கல்லூரி நிலத்தில் 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரச் சோதனை இவ்வுண்மைக்குச் சான்று. தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்தியைவிட, மூன்று சத்துக்களையும் பெற்ற பாத்தியும் தொழு உரம் பெற்ற பாத்தியும் நல்ல விளைச்சலைத் தந்து வந்தன.

ஆயின் எங்கள் பகுதிக்கு மற்றொரு துன்பமும் உண்டு. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு பெருமளவில் தேவை. அவ்வுப்புநீர் பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டின்பேரிலேயே அவை மீண்டும் இயங்கலாயின. எனினும், மண்ணிலும் கிணற்றிலும் புகுந்த உப்பு எளிதில் அகல்வதில்லை.

மாங்காய்த் துண்டில் உப்பிட்டால் அது நீர் விடுவதை வீட்டில் காண்கிறோம். உவர் மண்ணில் வேரின் நிலையும் அத்தகையதே. சுற்றிலும் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச இயலாது. இலை நுனி கருகும். அதைப் பசி என்று எண்ணி யூரியாவையும் பொட்டாசையும் கொட்டுகிறோம். இரசாயன உரமும் உப்பைப் போலவே நீரில் கரைவதால் தாகம் மேலும் மிகுகிறது.

ஆதலால் முதலில் மண்ணைச் சோதியுங்கள். அறுவடைக்குப் பின், உரமிடுமுன், வயலில் 10 அல்லது 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி மண் எடுங்கள். வரப்போரமும், மர நிழலும், எருக்குவியல் இருந்த இடமும் வேண்டா. எடுத்த மண்ணைக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து, தூய பையில் இட்டு மண் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புங்கள். உரச் சாக்கில் இட்டால் முடிவு பொய்க்கும். கிணற்று நீரையும் உடன் அனுப்புங்கள்.

உவர் நிலமாயின் வடிகால் அமைத்து, நல்ல நீரால் உப்பைக் கழுவ வேண்டும். களர் நிலமாயின் ஆய்வில் கூறும் அளவு ஜிப்சம் இட்டுப் பின்னரே கழுவ வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது நன்று. உரம் அதன் பின்னரே பயன் தரும்.

நேயர்களே! நோயறியாது மருந்து கொடுப்பாரை நாம் மருத்துவர் என்று மதிப்பதில்லை. மண்ணுக்கும் அந்நெறியே பொருந்தும். அடுத்த மூட்டையை வாங்குமுன் ஒரு பிடி மண்ணை ஆய்வுக்கு அனுப்புங்கள்.