பலகையும் அதன் உயரமும்

வீட்டுக்குப் படம் வரைபவன் தரையின் நீள அகலங்களைக் கணக்கிட்டுக் கூரையின் உயரத்தை மறப்பானாயின், அவ்வீட்டில் குடியிருப்போர் தலைகுனிந்தே நடக்க நேரிடும். மின்சுற்றுப் பலகையை வகுப்போருக்கும் இது பொருந்தும். நேயர்கள் தம் வானொலிப் பெட்டியின் உட்புறத்தை நோக்கியிருப்பின், மெல்லிய பலகையொன்றையும் அதன்மீது ஓடும் செப்புக் கோடுகளையும் கண்டிருப்பர். தாளில் வரைந்த படம்போல அது தட்டையாகத் தோன்றும். அத்தோற்றமே பலரை ஏமாற்றுகின்றது.

வியன்னா நகரில் 1907இல் பிறந்த போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர், 1936இல் இலண்டனில் அச்சிட்ட மின்சுற்றைக் கொண்டு ஒரு வானொலிப் பெட்டியை ஆக்கினார். கையால் ஒவ்வொன்றாகப் பற்றவைத்த கம்பிகளின் சிக்கலை நீக்க அம்முறை வழிகாட்டியது. ஆயினும் அதனுடன் புதிய இடரொன்றும் பிறந்தது. உறையிட்ட கம்பிகள் ஒன்றன்மேலொன்று கடந்து செல்லலாம். ஒரே தளத்திற் கிடக்கும் செப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுமாயின் மின்னோட்டம் வழிதவறிவிடும். ஆதலின் பலகையின் மறுபுறத்திலும் கோடுகள் அமைத்து, துளைகளின் உட்சுவருக்குச் செம்பு பூசி இருபுறத்தையும் இணைத்தனர். பின்னர் பல தளங்களை அடுக்கி ஒரே பலகையாக்கினர். மாடிவீட்டிற்குப் படிக்கட்டு எவ்வாறோ, அடுக்குப் பலகைக்கு அத்துளைகள் அவ்வாறு.

பலகைக்கு வெளியேயும் உயரம் உண்டு. கோடுகளெல்லாம் பிழையின்றி அமைந்திருந்தும், நிமிர்ந்து நிற்கும் கொள்ளளவி ஒன்று மூடியில் முட்டுமாயின் வேலை முழுவதும் வீணாகும். அதனைச் சாய்த்து வைப்பின், அயலில் உள்ள சூடேறும் உறுப்பொன்றை நெருங்கக்கூடும். திரவம் அடங்கிய கொள்ளளவியின் வெப்பம் 10 பாகை செல்சியசு உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. இடப்பிழை இவ்வாறு காலப்பிழையாக மாறுகின்றது.

உயரத்தைத் துணிந்து பயன்படுத்தியவர்களுள் அமெரிக்கரான சீமோர் கிரே குறிப்பிடத்தக்கவர். ஒளி வெற்றிடத்தில், ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்ரிமீற்றர் செல்லும். பலகையின் செப்புக் கோட்டிற் செல்லும் சைகையோ அதிற் பாதியளவே செல்லும். எனவே விரைவை வேண்டுவோர் வழியைக் குறுக்குதல் வேண்டும். 1985இல் வெளிவந்த கிரே-2 கணினியில், எட்டுப் பலகைகளை ஒன்றன்மேலொன்றாக நெருங்க அடுக்கி, மேலுங்கீழுமாக இணைப்புக் கொடுத்தனர். வழி குறுகியது, ஆனால் வெப்பம் வெளியேற இடமின்றிப் போயிற்று. காற்று போதாமையால், மின்சாரத்தைக் கடத்தாத திரவமொன்றிற் சுற்றுக்களை மூழ்கவைத்து, அத்திரவத்தை ஓடவிட்டுக் குளிர்வித்தனர். நெருக்கத்தால் வந்த பயனுக்கு அது கொடுத்த விலை.

இன்று பலகையையும் பெட்டியையும் கணினித் திரையில் முழுவுருவாகப் பொருத்தி, நாற்புறமும் திருப்பிப் பார்க்கலாம். முட்டும் இடத்தைக் கருவியே காட்டிவிடும். எனினும் காற்று எவ்வழியே நுழையும், திருத்துபவனின் விரல் எங்கே புகும் என்னும் வினாக்களை எழுப்பவேண்டியவன் மனிதனே. இத்துறையிற் புகும் இளைஞர் முதலிற் பெட்டியை அளந்து, அதன்பின் பலகையை வரைவாராயின், பின்னர் வருந்தவேண்டியதில்லை.