மழலையர் கைவழிக் கல்வி: மக்தபின் கடமை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக. ஆமீன்.

 

இந்தப் பொதுக்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். நமது மக்தபில் சில மாதங்களாக ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் எட்டுப் பேரை மட்டும் அமர வைத்து, கையால் செய்து கற்கும் வகுப்பு ஒன்றைச் சோதனையாக நடத்தி வருகிறோம். அதனை நிரந்தர வகுப்பாக ஆக்கித் தர வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். "மதரஸா ஓதுமிடமா, விளையாடுமிடமா?" என்று நம் பெரியவர்கள் சிலர் வினவினர். மார்க்கத்தின் மீதுள்ள அக்கறையால் எழுந்த வினா அது. அதற்குரிய விடையை இச்சபையிலேயே கூறுவது முறை எனக் கருதுகிறேன்.

முதலில் நம் நாயகத்தின் வழிமுறையைப் பார்ப்போம். புதிதாகச் செய்யப்பட்ட மிம்பரின் மீது அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏறி நின்று தொழுதார்கள். மிம்பரிலேயே ருகூஉ செய்து, பின்வாக்கில் இறங்கி, அதன் அடியில் ஸஜ்தா செய்தார்கள். மக்கள் தம் தொழுகையைக் கண்டு கற்றுக்கொள்வதற்காகவே அவ்வாறு செய்ததாகப் பின்னர் விளக்கினார்கள். மனிதனின் ஆயுளையும் ஆசையையும் விளக்க நாடியபோது, ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து வெளியே நீண்டு செல்லும் ஒரு கோட்டையும், பக்கங்களில் சிறு கோடுகளையும் இட்டுக் காட்டியதை இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மாதத்திற்கு இருபத்தொன்பது நாட்களும் உண்டு என்பதை உணர்த்த, பத்து விரல்களையும் மும்முறை விரித்துக் காட்டி, மூன்றாம் முறை ஒரு கட்டை விரலை மடக்கிக் கொண்டார்கள். உத்தம நபியின் போதனையில் நாவோடு கையும் சேர்ந்தே பேசியது.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஷூரா நோன்பு வைத்த சிறு பிள்ளைகள் பசியால் அழுதால், கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை அவர்களைத் தேற்றினோம் என்று நபித்தோழி ருபய்யிஉ (ரழி) அவர்கள் கூறியுள்ளார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில், ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும். அதைத் தடுத்து ஓயாது ஓதச் சொல்வது அப்பிள்ளையின் உள்ளத்தை மடியச் செய்துவிடும் என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி நம் ஞாயிறு வகுப்பில் நடப்பவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, எழுத்துகள். தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பி, பிள்ளை தன் விரலால் எழுத்தை இழைக்கிறது. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் செல்ல, அரபு மட்டும் வலமிருந்து இடம் வருவதால் ஏற்படும் தடுமாற்றம், நான்கு முறை மணலில் விரல் ஓடியதும் நீங்கிவிடுகிறது. புள்ளிகளுக்குப் புளியங்கொட்டை வைக்கிறோம். படகு போன்ற ஒரே வடிவத்தின் கீழே ஒரு கொட்டை வைத்தால் 'பா'. மேலே இரண்டு வைத்தால் 'தா'. மேலே மூன்று வைத்தால் 'ஸா'. அவ்வாறே 'ஜீம்', 'ஹா', 'கா' என்ற மூன்றும் ஒரே வடிவம். கொட்டை வயிற்றில் இருக்கிறதா, இல்லவே இல்லையா, தலைக்கு மேல் இருக்கிறதா என்பதே வேறுபாடு. 'தா'வையும் 'ஸா'வையும் பல வாரங்களாக மாற்றி மாற்றி ஓதி வந்த ஒரு மாணவன், தன் கையாலேயே மூன்றாவது கொட்டையை எடுத்து வைத்த நாளுக்குப் பிறகு மாற்றி ஓதவில்லை.

இரண்டாவது, உளூ. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூ செய்துள்ளார்கள். நடுத்தரமான ஒருவர் தம் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவே ஒரு முத். குழாயைத் திறந்து விட்டுப் பழகிய பிள்ளைகளிடம் அளந்த நீரைக் குவளையில் கொடுத்து, "இதற்குள் முடியுங்கள்" என்கிறோம். முதல் வாரம் முகம் கழுவுவதற்குள்ளேயே சிலருக்கு நீர் தீர்ந்துவிட்டது. சில வாரங்களில் பெரும்பாலோர் கால் வரை கழுவி முடித்தனர். உளூவின் ஒழுங்கும், வீண்விரயம் கூடாது என்ற பாடமும் ஒரு குவளையிலேயே அடங்கிவிட்டன.

மூன்றாவது, தொழுகை நேரம். அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் முற்றத்தில் ஒரு முழக் குச்சியை நட்டு, அதன் நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வரச் செய்தோம். நிழல் குறுகி, மிகச் சிறிதாகி, மீண்டும் நீளத் தொடங்கியபோது, "லுஹர் வந்துவிட்டது!" என்று பிள்ளைகளே கூவினர். நம் பகுதியில் டிசம்பர் மாத நண்பகலிலும் நிழல் முற்றிலும் மறைவதில்லை; வடக்கு நோக்கிக் குச்சியின் பாதிக்கு மேல் நீண்டிருக்கும். அந்த நண்பகல் நிழலை விட்டுவிட்டு, குச்சியின் அளவுக்கு நிழல் நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படியும், இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபின்படியும் அஸர் தொடங்குகிறது. நாட்காட்டியில் அச்சிட்ட எண்ணாக மட்டுமே அறிந்திருந்த நேரத்தை, வானத்தில் அல்லாஹ் அமைத்த ஏற்பாடாக அன்று அவர்கள் கண்டனர்.

நான்காவது, ஸகாத். நாற்பது புளியங்கொட்டைகளை எண்ணி வைத்து, அதில் ஒன்றை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் இடச் சொல்கிறோம். இரண்டரை சதவீதம் என்றால் புரியாத வயதிலும், நாற்பதில் ஒன்று புரிகிறது. மீதி முப்பத்தொன்பதும் தன்னிடமே இருப்பதைப் பிள்ளை காண்கிறது. "ஹஜரத், நான் மூன்று போடலாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கடமைக்கும் ஸதகாவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அதைவிடச் சிறந்த வாய்ப்பு எந்த உஸ்தாதுக்குக் கிடைக்கும்?

ஏன் எட்டுப் பேர் மட்டும் என்று கேட்கலாம். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ஓதும்போது உஸ்தாதின் காதில் விழுவது ஒரே குரல். அதில் வாயசைப்பவன் யார், ஓதுபவன் யார் என்பது தெரியாது. எட்டுப் பேர் செய்யும்போது எட்டுக் கைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தயங்குகிறது என்பதை அந்த நொடியிலேயே அறியலாம். மேலும், சிறு கொட்டைகளை வாயிலும் மூக்கிலும் போட்டுவிடும் வயது இது. எனவே கண்காணிப்பும் இன்றியமையாதது. ஐந்து வயதுக்குக் குறைந்தோரை நாம் சேர்ப்பதில்லை.

மார்க்க வரம்புகளையும் பேணுகிறோம். உயிருள்ளவற்றின் உருவங்களை வரையச் செய்வதில்லை. பிறை, இலை, பூ, கோலவடிவங்கள் ஆகியவையே போதும். இறைவசனமோ அல்லாஹ்வின் திருநாமமோ உள்ள தாளைக் கத்தரிக்கவோ தரையில் பரப்பவோ கொடுப்பதில்லை. உண்ணும் அரிசியை விளையாட்டுப் பொருளாக்குவதும் இல்லை. மணலும் கொட்டையும் பழைய அட்டைப் பெட்டியுமே நம் கருவிகள். இவற்றுக்காக ஜமாஅத் நிதியிலிருந்து இதுவரை ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

"இதனால் ஓதும் நேரம் குறையாதா?" என்ற கவலை வேண்டாம். திங்கள் முதல் சனி வரை காயிதாவும் குர்ஆனும் வழக்கம்போல் நடைபெறுகின்றன. அதில் ஒரு நிமிடமும் எடுக்கப்படவில்லை. திருக்குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்பது வாய்மொழியாக உஸ்தாதிடமிருந்தே வர வேண்டும். அந்த இடத்தை மணலும் கொட்டையும் நிரப்ப இயலாது. மனனத்தின் மதிப்பையும் நான் குறைத்துரைக்கவில்லை. மனனம் செய்யும் உள்ளம் மகிழ்ச்சியோடு மதரஸாவுக்கு வர வேண்டும் என்பதே என் கவலை.

சகோதரர்களே! நமக்கு முன்னுள்ள இழப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் டியூஷன் என்று சொல்லிப் பிள்ளைகள் மக்தபை விட்டுப் போய்விடுகின்றனர். அவர்களோடு போவது என்ன? கி.பி. 1332இல் துனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், சிறு பிள்ளைகளிடம் காட்டப்படும் கடுமை அவர்களின் ஊக்கத்தைக் கெடுத்து, பொய்யையும் சோம்பலையும் கற்பித்துவிடும் என்று தமது முகத்திமாவில் எச்சரித்துள்ளார். மதரஸா என்றவுடன் பிரம்பு மட்டுமே நினைவுக்கு வருமானால், வளர்ந்த பின் அந்த இளைஞனைப் பள்ளிவாசலின் வாசற்படிக்கு அழைத்து வருவது எளிதன்று. தன் கையால் நட்ட குச்சியும், தான் அளந்த நீரும் நினைவுக்கு வருமானால், அவன் கால்கள் தாமாகவே இங்கு திரும்பும், இன்ஷா அல்லாஹ்.

எனவே மூன்று உதவிகளைக் கோருகிறேன். பழைய பாய்களும் பந்தல் சாமான்களும் கிடக்கும் மேற்குப் பக்க அறையைத் தூய்மை செய்து, இவ்வகுப்பிற்கு ஒதுக்கித் தாருங்கள். எட்டுப் பேர் வீதம் இன்னும் இரண்டு குழுக்கள் அமைய, ஞாயிறு காலையில் துணை நிற்கும் இரு உஸ்தாதுமார்களுக்கு நியாயமான ஊதியம் ஒதுக்குங்கள். தாய்மார்களே, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இன்று எத்தனை பக்கம் ஓதினாய்?" என்பதோடு, "இன்று என்ன செய்தாய்? எனக்கும் செய்து காட்டு" என்றும் கேளுங்கள். உங்களுக்குக் கற்றுக் கொடுக்கும்போதுதான் அப்பிள்ளை முழுமையாகக் கற்கிறது.

நம் சந்ததிகளை ஈமானுள்ள, அறிவுள்ள, பிறருக்குப் பயனுள்ள மக்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. இந்த மக்தபுக்காக உழைத்து மறைந்த நம் முன்னோர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.