பில் தெரியும், தேதி தெரியுமா?

(கோலா கங்சாரில் சிறு வியாபாரிகளுக்காக நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



கடை வாடகை எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றாலும் சொல்வீர்கள். கடைத் தொலைபேசி, இணையம், வேலையாட்களின் கைத்தொலைபேசி, இவற்றின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது? இங்கு வருமுன் கடைவீதியில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். பில் தொகையை எல்லாரும் சொன்னார்கள். தேதியை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். கைத்தொலைபேசி இலவசம், மாதம் 128 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம். அதே சேவை கைத்தொலைபேசி இல்லாமல் 78 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் மாதம் 50 வெள்ளி. 24 மாதத்துக்கு 1,200 வெள்ளி. அதுதான் அந்த இலவசத்தின் விலை. தவணையில் வாங்கினோம் என்று நினைத்தால் அதில் தவறில்லை. வினை 25-ஆம் மாதத்தில்தான் ஆரம்பம். தவணை முடிந்துவிட்டது, பில் மட்டும் 128-லேயே நிற்கிறது. நீங்கள் போய்க் கேட்காமல் யாரும் வலிய வந்து குறைக்கமாட்டார்கள். மூன்று வருடம் கவனிக்காமல் விட்டால் 1,800 வெள்ளி. அதற்கு மேல் 6 விழுக்காடு சேவை வரி வேறு. இது ஒரே ஒரு லைனுக்கு! மூலையில் தூசி படிந்து கிடக்கும் பேக்ஸ் லைனையும், வேலையை விட்டுப் போன பையனின் சிம் கார்டையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

சரி, வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், அங்கேதான் சிக்கல். ஐந்து லைன் உள்ள கடையில் ஒன்று மார்ச்சில் முடியும், ஒன்று ஆகஸ்டில், இன்னொன்று அடுத்த வருடம். எல்லாம் ஒன்றாக முடிகிற நாளே வராது. ஒன்று முடியும் நேரத்தில் ஒரு போன் வரும்: "அண்ணே, உங்களுக்கு இலவசமாக வேகத்தைக் கூட்டித் தருகிறோம், சரிதானே?" கடைக் கிளார்க் "சரி" என்பார். அந்த ஒரு சொல்லில் இன்னொரு 24 மாதம் ஆரம்பமாகிவிடலாம். முதலாளி எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் மாறாது என்று கணக்கிலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

நம் பாட்டன்மார் இதைப் பார்த்தவர்கள்தான். 1877-இல் இதே கோலா கங்சாரில் நட்ட பால்மரங்களிலிருந்து தோட்டங்கள் பெருகின. அங்கே கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும்; கடன் மட்டும் அவர் தலையிலேயே இருக்கும். பசியையும் ஒரு பில்லையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால், "உங்கள் பழைய அபராதத்தை நாங்களே கட்டுகிறோம்" என்று ஒரு விற்பனையாளர் சொல்லும்போது எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வருகிறது. அந்தப் பணம் புது ஒப்பந்தத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள்.

எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி கைத்தொலைபேசிக்கு 2008-இலேயே வந்துவிட்டது. எண் உங்களோடு வரும். பழைய ஒப்பந்தத்தின் அபராதமும் பின்னாலேயே வரும்.

நீண்ட ஒப்பந்தம் மலிவு என்பார்கள். இந்தத் துறையில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 2018-இல் அகண்ட அலைவரிசை இணையத்தின் மொத்த விற்பனைக் கட்டணத்துக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உச்சவரம்பு வைத்தது. சில்லறை விலையும் இறங்கியது. 2021 கடைசியில் 3ஜி சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் செல்கோமும் டிஜியும் ஒன்றாயின. நான்கே வருடத்தில் இத்தனை மாற்றம்! ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் எதை நம்பிப் போடுகிறார்?

அபராதத்தைப் பற்றி ஒரு சட்ட விவரம். ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 75-ஆம் பிரிவு, மீறினால் நியாயமான இழப்பீடுதான் என்கிறது. 1995-இல் ஒரு கிளினிக் விற்பனை வழக்கில், பணம் கேட்பவர்தான் தன் நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2018-இல் அதே நீதிமன்றம் அதை மாற்றியது. இப்போது, அபராதம் அநியாயம் என்று காட்டும் பொறுப்பு கட்டுகிறவரிடம். ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். அபராதம் மாதாமாதம் குறைய வேண்டும். எல்லா லைனும் ஒரே தேதியில் முடிய வேண்டும். கடை இடம் மாறி, புது இடத்தில் அவர்களால் லைன் தர முடியாவிட்டால் அபராதம் கூடாது. எண்கள் கடையின் பெயரில் இருக்க வேண்டும், மச்சான் பெயரில் அல்ல!

முன்வரிசையில் ஓர் ஐயா பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டார். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சாதாரணமாக வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் வகைச் சேவையைத்தான் முதலில் பார்க்கிறது. ஐந்து லைன் வியாபாரப் பிளான் அதில் அடங்குமா என்றே எதிர்த்தரப்பு வாதாடும். ஐயா, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அது இருந்தால்தான் ஆணையத்திடம் போகும்போது பேச்சு எடுபடும்.