தண்ணி விட்டும் கன்று கருகுதே, ஏன்?
(கடலோரக் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



குழுக்கடன் வாங்கி மா, கொய்யாக் கன்று வெச்சவங்க பலரும் நம்மகிட்ட சொல்றது இதுதான்: "தண்ணி விடுறோம், உரம் போடுறோம், ஆனாலும் இலை ஓரம் கருகுது." கன்று பட்டுப்போனாலும் தவணை நிக்காது. அதனால இன்னைக்கு இதைப் பேசுறோம்.

2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி மணக்குடிப் பாலத்தையே பெயர்த்துப் போட்டது நமக்குத் தெரியும். மணல் விளையில அப்படி ஏறுன உப்பை மழை கழுவிடும். ஆனா கோடையில மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, கிணத்துல நல்ல தண்ணி குறைஞ்சு உவர்த் தண்ணி ஏறுது பாருங்க, அது வருஷா வருஷம் வர்ற தொந்தரவு.

மாங்காய்த் துண்டுல உப்பு போட்டா அது தண்ணி விட்டுக்குது இல்லையா? வேருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். மண்ணுல ஈரம் இருக்கும், வேரால உறிஞ்ச முடியாது. அதோட, உப்புல உள்ள சோடியம் ரேஷன் கடை வரிசையில முண்டியடிக்கிற ஆள் மாதிரி சாம்பல் சத்தைத் தள்ளிட்டு வேருக்குள்ள போயிடும். குளோரைடு தழைச்சத்தை மறிக்கும். சுண்ணாம்புச் சத்தும் குறையும். உரம் மண்ணுல கிடக்கும், கன்று பட்டினி கிடக்கும். இது தெரியாம இன்னும் ரெண்டு கை யூரியா அள்ளிப் போடுறோம். அதுவும் கரைஞ்சா உப்பு மாதிரிதானே! சாதாரண பொட்டாஷிலயும் குளோரைடு உண்டு. சல்பேட் பொட்டாஷ் விலை கூடுதல்தான், ஆனா உவர் நிலத்துக்கு அதுதான் நல்லது.

தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும். மா தாங்காது. அதுலயும் இளங்கன்றோட வேர் மேல்மண்ணுலதான் இருக்கும். வெயில்ல தண்ணி ஆவியாகிப் போக, உப்பு தங்குறதும் அங்கேயேதான்.

அதனால தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிக்காம, கிடைக்கிறதுல நல்ல தண்ணியை நிறைய விட்டு, உப்பு கீழே இறங்கி வடிய வழி செய்யுங்க. தூர்ல சப்பு சவறு போட்டு மூடுங்க. காயல்ல ஊறப்போட்ட தொண்டு மட்டும் வேண்டாம், அதுலயே உப்பு இருக்கும். மழை தொடங்கும்போது கன்று வெச்சா பாதிக் கவலை தீரும். ஜிப்சம் எல்லா மண்ணுக்கும் மருந்தில்ல. சோடியத்தால இறுகிப்போன களிமண்ணுக்குத்தான் அது. போட்ட பிறகு நல்ல தண்ணி விட்டு வடிக்கவும் வேணும்.

இனிமே கன்றுக்குக் கடன் கேட்டா, முதல்ல தண்ணி பரிசோதனைச் சீட்டைக் குழு கேக்கணும்கிறது எங்க அபிப்பிராயம். அடுத்த கூட்டத்துக்குக் கிணத்துத் தண்ணி அரை லிட்டரும், கன்று நிக்கிற இடத்து மண் அரைக் கிலோவும் பேர் எழுதி ஒட்டிக் கொண்டு வாங்க. உரம் போட்ட கையோட மண் எடுக்க வேண்டாம்.