நூல்நிலையத்தில் உங்கள் இடம்



உங்கள் ஊர் நூல்நிலையத்தின் வாயில்வரை சென்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று தயங்கித் திரும்பியவர் உங்களுள் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொல்லிக் கேட்க வானொலியில் வழியில்லை. வகுப்பறையில் நான் பலமுறை கேட்டதுண்டு. ஆறாம் வகுப்பில் ஓரிரு கைகளே உயரும். ஒன்பதாம் வகுப்பிலோ பாதிக்கு மேற்பட்ட கைகள் உயரும். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கைகள் ஒரு செய்தியைச் சொல்லின. எட்டு வயதுப் பிள்ளைக்கு நூல்நிலையத்தில் ஓர் இடம் உண்டு: தாழ்ந்த மேசை, வண்ணப் படங்கள் நிறைந்த புத்தகம், விடுமுறை நாளில் கதை சொல்ல ஒருவர். இருபத்தைந்து வயது இளைஞருக்கும் இடம் உண்டு. போட்டித் தேர்வு நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு காலை முதல் மாலைவரை அவர் அமர்ந்திருப்பார். பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்டவர் எங்கே உட்காருவது? சிறிய நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால், “தம்பி, உனக்கு இங்கே என்ன வேலை?” என்னும் பார்வை இடிக்கிறது.

ஆசிரியனாக இருந்தவன் நூலகர் தொழிலைப் பற்றிப் பேச வரலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நம் நாட்டு நூலக இயக்கத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் முதலில் ஆசிரியர். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றுக் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, நூலகக் கலையைப் பயில இலண்டனுக்குச் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் குராய்டன் நகர நூல்நிலையத்தின் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ். அப்பெரியார் சிறுவர் நூல்நிலையங்களைப் பற்றி 1911-லேயே நூல் எழுதியவர். தாயகம் திரும்பிய இரங்கநாதன், பின்னர் உலகப் புகழ் பெற்ற தம் ஐந்து விதிகளை 1928-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிதம்பரத்தில் எடுத்துரைத்தார். யார் முன்னிலையில் தெரியுமா? மாகாணக் கல்வி மாநாட்டிற்கு வந்திருந்த ஆசிரியர்களின் முன்னிலையில்! அவை நூலாக வெளிவந்தது 1931-இல்தான். படிக்க வருபவர் யாராயினும் அவருக்குரிய நூல் அவர் கையை எட்டவேண்டும் என்பது இரண்டாவது விதியின் கருத்து. ‘யாராயினும்’ என்பதில் பதினான்கு வயதினரும் அடக்கம் அன்றோ?

விதியைச் சொல்வது எளிது. நடைமுறையில் அதைச் செய்து காட்டுவது, ஊர்தோறும் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நூலகரின் பொறுப்பு. ஒரு நூலகர் பட்டறிந்து கண்டதை மற்றொருவருக்குச் சொல்ல, அவர் அதைத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள, இக்கலை வளர்கிறது. அவ்வாறு அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும் வாய்ப்பு எனக்கு அண்மையில் கிட்டிற்று. அதைப் பற்றியே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் சங்கரன்கோவில். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019-இல் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆடித் தபசுக்கு வந்தவர்கள் எங்கள் ஊரைச் சங்கரநாராயணர் கோயிலாலும் கோமதியம்மன் தேராலும் அறிவார்கள். ஊருக்குள் தெருத்தெருவாக நடந்து பார்த்தவர்கள் விசைத்தறிச் சத்தத்தாலும் அறிவார்கள். தறி ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும். தறி ஓடும் வீட்டில் பிள்ளை படிக்க அமைதியான மூலை கிடைக்காது. ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு, ஒரு மேசையும் ஒரு விளக்கும் சற்றே அமைதியும் ஒருங்கே கிட்டும் ஒரே இடம் நூல்நிலையமாகும். அங்கும் இடமில்லை என்றால் அவர்கள் படிப்பு அத்துடன் நின்றுவிடும். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

சென்ற கோடையில் சுற்றுவட்டார ஊர்களில் பணிபுரியும் நூலகர்கள் ஐவர் ஒரு ஞாயிறு மாலையில் என் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். அவர்களுள் இருவர் என் பழைய மாணவர்கள். அவரவர் ஊரில் வளரும் பிள்ளைகளை எப்படி வரவழைக்கிறார்கள், வந்தவர்களை எப்படி நிறுத்தி வைக்கிறார்கள் என்பதே பேச்சு.

முதலில் பேசியவர் இளைஞர். “ஐயா, புத்தக முதுகில் ‘எட்டு வயதினர்க்கு’ என்று சீட்டு ஒட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்” என்றார். காரணம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் வந்து, தடித்த வரலாற்று நாவல் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவானாம். ஒரு வாரமாகியும் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் சிறுவர் புத்தகத்தை எடுத்தால் தோழர்கள் நகைப்பார்கள். சீட்டுகளை அகற்றி, எளிய நடையில் அமைந்த நூல்களுக்கு மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் வைத்து, எல்லா அலமாரிகளிலும் கலந்து அடுக்கிவிட்டார் இவர். புள்ளியின் பொருளை அந்த மாணவனிடம் மட்டும் தனியே சொன்னார். இப்போது அவன் வாரத்திற்கு இரண்டு நூல்கள் எடுத்துச் செல்கிறானாம். நம் மாநிலத்துப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிவரிசைப்படுத்தியதும் இக்கருத்தை ஒட்டியதே. அப்பெயர்களில் வயது இல்லை. ஆகவே வெட்கமும் இல்லை.

அடுத்துப் படக்கதைகளைப் பற்றி வாதம் எழுந்தது. மூத்த நூலகர் ஒருவர் அவற்றை அலமாரியில் வைப்பதற்கே உடன்படவில்லை. படம் பார்த்துப் பழகியவன் எழுத்துக்கு வரமாட்டான் என்பது அவர் கட்சி. எங்களுக்கு வடகிழக்கே உள்ள சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்புத் தோழர்கள் அனைவரும் கைமாற்றிக் கைமாற்றி, அட்டை பிய்ந்து போகும்வரை படித்தோம். அவர்களுள் பலர் பிற்காலத்தில் நல்ல வாசகர்களானார்கள். ஓரிருவர் ஆகவில்லை, அதற்கு மாயாவி பொறுப்பல்ல. படக்கதை அலமாரிக்கு அடுத்த அலமாரியில் எதை வைக்கிறோம் என்பதே வினா. கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளை அங்கே வைக்கலாம் என்றேன். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த அவருடைய கரிசல் மண் எங்கள் பிள்ளைகளின் காலிலும் ஒட்டியிருப்பதுதானே? மூத்தவர் முழுவதும் இசையவில்லை; ‘ஓர் அடுக்கு மட்டும்’ என்று இறங்கி வந்தார்.

பிறகு சத்தத்தைப் பற்றிய முறையீடு வந்தது. தேர்வுக்குப் படிப்போர் பிள்ளைகளின் பேச்சொலியைப் பொறுப்பதில்லை. அவர்களைக் குறை கூறவும் இயலாது, அவர்களுக்கும் அது வாழ்க்கைப் போராட்டம். நியூயார்க் நகரப் பொது நூல்நிலையத்தில் 1906 முதல் 1941 வரை சிறுவர் பகுதிக்குத் தலைமை வகித்த ஆன் கரோல் மூர் என்னும் அம்மையார், ‘பேசாதே’ என்னும் பலகைகளைச் சிறுவர் அறையிலிருந்து அகற்றியவர் என்பார்கள். அவருக்குத் தனி அறை இருந்தது. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்க்குத் தனிப் பகுதிகள் உண்டு. ஒரே கூடம் உள்ள கிளை நூல்நிலையத்தில் என் செய்வது? இடத்தைப் பிரிக்க இயலாதவர் காலத்தைப் பிரித்தார். பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் பிள்ளைகள் பேசலாம். அந்நேரத்தில் தேர்வுக்குப் படிப்போர் தேநீர் அருந்தச் செல்லலாம். சில நாட்களில், தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர் தேநீருக்குப் போகாமல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாராம்!

இதுவரை அதிகம் பேசாதிருந்த நூலகர் அம்மையார் ஒருவர் சொன்னதுதான் என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. “ஆண் பிள்ளைகள் எங்கே உட்காருவது என்று தேடுகிறார்கள். பெண் பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்” என்றார். ஏழாம் வகுப்புவரை துள்ளிக்கொண்டு வந்த சிறுமி, எட்டாம் வகுப்பில் திடீரென்று காணாமற் போகிறாள். வீட்டார் தடுப்பதற்குக் காரணம் புத்தகத்தின்மீது வெறுப்பன்று. அந்த இடத்தை அவர்கள் கண்டதில்லை, அங்கே யார் வருவார்கள் என்று அறிந்ததில்லை. ஆகவே இவர் தாய்மார்களை ஒரு வெள்ளிக்கிழமை அழைத்து, சமையல் நூல்களும் கோலப் புத்தகங்களும் வார இதழ்களும் பரப்பி வைத்து, தம் மேசைக்கு எதிரில் உள்ள நாற்காலிகளைக் காட்டி, “உங்கள் மகள் இங்கேதான் உட்காருவாள்; என் கண்பார்வையில் இருப்பாள்” என்றார். அழைப்பை ஏற்று வந்த தாய்மார் பதினொருவர். மறுவாரம் வந்த பெண் பிள்ளைகள் நால்வர். நால்வர்தானா என்று கேட்கவேண்டாம். முந்தைய மாதம் ஒருவரும் இல்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். உடல் வளர்ச்சி, நலவாழ்வு பற்றிய நூல்களை வளரும் பெண்கள் கேட்டு வாங்கக் கூசுவார்கள். அவற்றைப் பூட்டிய பீரோவில் வைத்தால் நூல் இருந்தும் இல்லாததே. கேட்காமலே எடுக்கும்படி திறந்த அடுக்கில் வைக்கவேண்டும். யார் எதை எடுத்தார் என்பதை வீட்டாரிடமோ பள்ளியிலோ நூலகர் வாய்திறந்து சொல்லலாகாது. இதை ஆசிரியர் சிலர் ஏற்கமாட்டார்கள். நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைக்கு ஒரு நல்ல நூல், தவறாகச் சொல்லும் தோழரைவிட எத்தனையோ மேல்.

வராதவரைத் தேடிச் செல்வதும் ஒரு முறை. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931-ஆம் ஆண்டு கனகசபைப் பிள்ளை என்னும் பெரியார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் இரங்கநாதன். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்னும் நூலகர் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றி ஏழைத் தெருக்களுக்குச் சென்றார். ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, வண்டி ஒன்றுதான். பள்ளி இளைஞர்களுக்கான பணியில் பெயர் பெற்ற எட்வர்ட்ஸ், தம்மிடம் பணிக்கு வரும் இளநூலகர்கள் இளைஞர்க்குரிய நூல்களை முதலில் தாங்களே படித்துத் தீர்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். வகுப்பறைகளுக்குச் சென்று நூல்களைப் பற்றிச் சுவையாகப் பேசவும் அவர்களைப் பழக்கினார். திண்ணையில் இருந்த ஐவரும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பெருக்குவதும் நாளிதழ் அடுக்குவதும் கணக்கு எழுதுவதும் ஒருவரே என்றிருக்கும் இடத்தில் படிப்பதற்கு நேரம் எங்கே? நியாயமான சிரிப்புத்தான். பள்ளிகள் மாதம் ஒரு பாடவேளையை ஒதுக்கி அவரை அழைத்தால், அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காகவேனும் அவர் ஒரு நூலைப் படித்துவிடுவார் என்பது என் துணிபு.

மாணவ நண்பர்களே, நூல்நிலையம் பிறர் உங்களுக்கு இடும் பிச்சையன்று. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அப்போது கல்வியமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அச்சட்டத்தின்படி உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது; இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. வாடகை வீட்டில் இருப்போரும் வாடகைக்குள் அதைக் கொடுக்கிறார்கள். எனவே உள்ளே செல்லத் தயங்காதீர்கள். வேண்டிய நூல் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். சொல்வது குறை கூறுவதாகாது. வளரும் பிள்ளைகளுக்கான பணியில் அவர்களையே கலந்து செய்யவேண்டும் என்று உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் தன் வழிகாட்டு நெறிகளில் கூறியிருக்கிறது.

அந்த அம்மையாரின் மேசையில் ஒரு நீண்ட குறிப்பேடு இருக்கிறது. கேட்டும் கிடைக்காத நூலைப் பிள்ளைகள் அதில் எழுதிவைப்பார்கள். கிளை நூலகர் தாம் நினைத்த நூலைத் தாமே வாங்கிவிட இயலாது. ஆயினும் பக்கத்து ஊர்களில் கேட்டும், புரவலர்களிடம் சொல்லியும், வரிசையாகப் பல வரிகளை அவர் அடித்திருக்கிறார். அடிக்கப்படாத ஒரு வரியை எனக்குக் காட்டினார். மாலையில் வீட்டில் தார் சுற்றிக் கொடுக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. ஊடை நூல் அறுந்தவுடன் விசைத்தறி தானே நின்றுவிடுகிறதே, அஃது எப்படி, அதைப் படத்துடன் விளக்கும் தமிழ் நூல் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஐந்து நூலகர்களும் தங்கள் அடுக்குகளில் தேடிவிட்டார்கள். கல்லூரிப் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவளுக்கு எட்டும் நடையில் தமிழில் ஒன்றும் அவர்கள் கையில் அகப்படவில்லை. நெசவுத் தொழில்நுட்பம் பயிலும் கல்லூரி மாணவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பத்துப் பக்கங்கள் எழுதி, நாலு படங்கள் வரைந்து, உங்கள் ஊர் நூலகரிடம் கொடுங்கள். அவர் மற்றவர்களுக்கு அனுப்பிவைப்பார். அச்சிட்ட நூலாக இருக்கவேண்டும் என்பதில்லை. கையெழுத்துத் தெளிவாக இருந்தால் போதும்.