கப்பல் சாகும் கரையில் யார் சாகிறார்கள்?

மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது அலங். அங்கே கடல் மட்டம் சுமார் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். கடல் ஏறும் நேரம் பார்த்து, ஆயுள் முடிந்த கப்பலை வேகமாக ஓட்டிவந்து கரைச் சேற்றில் ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கேஸ் கட்டரோடு தொழிலாளர்கள் ஏறுவார்கள். 1983 முதல் இதுதான் நடைமுறை. வெட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்கண்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கப்பலின் இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாகிறது. கட்டில், நாற்காலி, பாத்திரம்வரை சாலையோரக் கடைகளில் விலைபோகிறது. விலைபோகாதது அஸ்பெஸ்டாஸ் தூசியும் ஈயப் பெயிண்டின் புகையும். அவை தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகின்றன.

மூடிக் கிடக்கும் தொட்டியில் இரும்பு துருப்பிடிக்கும்போதே ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். எண்ணெய்க் கசடிலிருந்து வாயு கிளம்பும். சோதிக்காமல் இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். இது நமக்குத் தெரியாத சாவா? நம் ஊர் மலக்குழியில் நடப்பதும் இதுதானே!

பிரான்சின் கிளமான்சோ போர்க்கப்பல் அஸ்பெஸ்டாஸோடு அலங் நோக்கிப் புறப்பட்டது. எதிர்ப்பு வலுத்து, 2006இல் அந்நாட்டு அரசே திருப்பி அழைத்துக்கொண்டது. பிறகு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், உலர்துறையில் வைத்து, பாதுகாப்பு உடையணிந்த தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஆக, பாதுகாப்பாகப் பிரிக்க வழி இருக்கிறது. அதற்குச் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் கடைசிப் பயணத்துக்கு முன் பல கப்பல்கள் இடைத்தரகருக்குக் கைமாறி, கொமொரோஸ், பலாவ் என்று கொடி மாற்றிக்கொள்கின்றன.

சட்டம் இல்லையா? 2019இல் இந்தியா கப்பல் மறுசுழற்சிச் சட்டம் இயற்றியது. ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சில யார்டுகளில் கான்கிரீட் தளமும் கிரேனும் வந்திருக்கின்றன. வரவேற்போம். ஆனால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டமும் 2013 முதல் இருக்கிறது. குழிக்குள் சாவு நின்றதா?

கழிவு கீழே போகும், அள்ள அங்கே ஓர் ஆள் இருப்பான் என்பது சாதி பழக்கிவிட்ட புத்தி. இதே புத்தியோடுதான் உலகச் சந்தை அலங்குக்குக் கப்பலை அனுப்புகிறது. செத்தவரை ‘ஒப்பந்தத் தொழிலாளி’ என்று சொல்லி முதலாளி கைகழுவுகிறார்.

எனவே நம் கோரிக்கை இரண்டு இடத்துக்கும் ஒன்றே. வாயுச் சோதனை இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. இறங்கச் சொன்னவர் மீது குற்ற வழக்கு வேண்டும். தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் சங்கமும் வேண்டும். மலக்குழிக்காக முழங்கும் நம் குரல் அலங்குக்கும் கேட்கட்டும்.

ஜெய்பீம்!